ஸ்டேஜ் 1 முதலிலா, பிரேக் முதலிலா? டர்போ கார் கேள்வி-பதில்

கேள்வி: 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ) மேனுவல் வைத்திருக்கிறேன். செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வேயில், சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டேக்குப் போக ஆசை. ‘ஸ்டேஜ் 1 ரீமேப் போட்டால் 110 பிஎஸ் 140 ஆகும், 175 நியூட்டன் மீட்டர் டார்க் 240 ஆகும், 35,000 ரூபாய்’ என்கிறார்கள். போடலாமா? (கோவை)

போடலாம். ஆனால் அந்த 240-ஐ வாங்காதீர்கள். ரீமேப் என்பது இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவில் இருக்கும் ஃபைலை மாற்றி எழுதுவது. ஸ்டேஜ் 1 என்றால் பாகம் எதையும் மாற்றாமல் அதை மட்டும் செய்வது.

உங்கள் காரின் கியர்பாக்ஸ் எம்க்யூ200 வகை. பெயரில் இருக்கும் 200, அது எத்தனை நியூட்டன் மீட்டருக்காகச் செய்யப்பட்டது என்பதன் அடையாளம். 201 ஆனதும் பல் உடைந்துவிடாது. அதற்கு முன்பே கிளட்ச் கைவிரித்துவிடும். நான்காவது கியரில் 2,000 ஆர்பிஎம்மில் ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். ஆர்பிஎம் முள் விறுவிறுவென்று ஏறி, வேகம் அதே அளவில் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. 35,000 ரூபாய் ரீமேப்புக்குப் பின்னால் கிளட்ச் பில்லும் வரிசையில் நிற்கிறது என்று பொருள்.

டிராக்கில் உங்களுக்கு அந்த டார்க் தேவையுமில்லை. கரி மொத்தமே 2.1 கி.மீ. சரியான கியரில் ஓட்டினால் முள் பெரும்பாலும் 4,000-க்கு மேல்தான் இருக்கும். 2,000-இல் முதுகைத் தள்ளும் அந்த உந்தல் ஊருக்குள் ஓவர்டேக் செய்ய, நண்பர்களுக்குக் காட்ட. கணக்கு எளிது: டார்க்கை ஆர்பிஎம்மால் பெருக்கி 7,022-ஆல் வகுத்தால் பிஎஸ். 5,000 ஆர்பிஎம்மில் 180 நியூட்டன் மீட்டர் நின்றால் 128 பிஎஸ். கம்பெனி நிலையில் அதே ஆர்பிஎம்மில் 110 பிஎஸ் என்றால் டார்க் சுமார் 154-தான். ஆக, உச்ச டார்க்கை 200-ஐ ஒட்டி நிறுத்திவிட்டு, மேல் ஆர்பிஎம்மில் அது சரியாமல் பிடித்து வைக்கும் ஃபைல்தான் உங்களுக்கு வேண்டியது. சின்ன டர்போ, மேலே மூச்சு வாங்கும். 140 வராது போனாலும் வருத்தப்படாதீர்கள்.

கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்டை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில், 2,000-க்குக் கீழே அதிக பூஸ்டில் மிதித்தால் ஸ்பார்க் வருவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொள்வது உண்டு. ஒரே ஒரு பலத்த வெடிப்பு பிஸ்டனில் ரிங் உட்காரும் வரப்பை உடைக்கப் போதும். இதற்கென்று சோதிக்கப்பட்ட ஏபிஐ எஸ்பி தர ஆயில் உதவும். ஆனால் ஆறாவது கியரில் முக்கி மிதிக்கும் பழக்கத்துக்கு எந்த ஆயிலும் மருந்தல்ல.

பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்க வேண்டியவை: உங்கள் காரின் ஒரிஜினல் ஃபைலின் நகல், டார்க் வரம்பு எத்தனை, எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதியது, ரீமேப்புக்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (சக்தி அளக்கும் கருவி) ஒரே நாளில் எடுத்த கிராஃப். ‘முன்’ அளவுக்கு பிரௌஷர் எண்ணையும், ‘பின்’ அளவுக்கு டைனோ எண்ணையும் ஒட்டிக் காட்டுவது பழைய வித்தை. டைனோ அளப்பது சக்கரத்தில். பிரௌஷர் சொல்வது இன்ஜினில். இரண்டையும் ஒரே தாளில் போட்டால் எந்தக் கணக்கும் வரும்.

கேள்வி: ரீமேப் பயமாக இருக்கிறது. 18,000-க்கு டியூனிங் பாக்ஸ் கிடைக்கிறது, கழற்றினால் பழையபடி ஆகிவிடும் என்கிறார்கள். அது பாதுகாப்பானதுதானே? (திருச்சி)

கழற்றுவது சுலபம், அது உண்மை. பாதுகாப்பு வேறு விஷயம்.

சென்சாருக்கும் இசியுவுக்கும் நடுவில் மாட்டும் இந்த பாக்ஸ் செய்வது ஒரு பொய். காற்று இன்ஜினுக்குள் போகும் மேனிஃபோல்டில் உண்மையான அழுத்தம் 1.9 பார் இருக்கும்போது, இசியுவிடம் ‘1.7-தான் இருக்கிறது’ என்று சொல்லும். இசியு, பூஸ்ட் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஏற்றும். பெட்ரோல் அளவையாவது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் லாம்டா சென்சார் பார்த்து ஓரளவு திருத்திக்கொள்ளும். இக்னிஷன் டைமிங்கை (ஸ்பார்க் விழும் நேரம்) முன்கூட்டியே திருத்த அப்படி யாரும் இல்லை: 1.7 பாருக்கு எழுதிய வரிசையிலிருந்து டைமிங்கை எடுத்து 1.9 பாரில் பற்றவைக்கும். அழுத்தம் கூடினால் டைமிங் பின்வாங்க வேண்டும். இங்கே அது முன்னாலேயே நிற்கிறது. மே மாத வெயிலில், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் தண்ணீரும் சூடேறிய நான்காவது லேப்பில், கலவை தப்பாக வெடிப்பதை (நாக்கிங்) உணரும் நாக் சென்சார் ஒன்றுதான் உங்களுக்கும் உடைந்த பிஸ்டனுக்கும் நடுவில் நிற்கும். ரோட்டில் எப்போதாவது பத்து விநாடி மிதிப்பவருக்கு இது காலம் தள்ளும். டிராக்குக்கு வேண்டாம்.

கேள்வி: கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. முதல் டிராக் டேக்கு முன் எதில் போடுவது? (சென்னை)

பிரேக்கில். அதிலும் முதலில் ஃப்ளூயிடில்.

புது டாட் 4 ஃப்ளூயிட் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸில் கொதிக்க வேண்டும் என்பது தரம். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 155. டாட் 5.1-க்கு 260, 180. இரண்டு மழைக்காலம் பார்த்த ஃப்ளூயிடோடு இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போனால் எந்த எண்ணோடு போகிறீர்கள் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் வாங்கினால் முழுக்க மாற்றலாம். மூடி திறந்த டப்பாவை அடுத்த முறைக்கு எடுத்து வைக்காதீர்கள். டாட் 5 என்று மட்டும் போட்டிருந்தால் அது சிலிக்கான் வகை. உங்கள் காருக்கு ஆகாது.

டிராக்கில் பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். பெடல் பஞ்சு போல இறங்கித் தரையைத் தொட்டால், ஃப்ளூயிட் கொதித்துக் குமிழி விட்டிருக்கிறது. பெடல் கல் மாதிரி இருந்தும் கார் நிற்கவில்லை என்றால், பேட் தன் வெப்ப வரம்பைத் தாண்டிவிட்டது. முதலாவதற்குப் பேட் மாற்றினால் பணம் தண்டம். இரண்டாவதற்கு ஃப்ளூயிட் மாற்றினாலும் அப்படியே. பெரிய டிஸ்க் கிட் விற்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்ல மாட்டார்கள்.

புதுப் பேட் போட்டதும் காலியான சாலையில் 80-இலிருந்து 20-க்கு, நிறுத்தாமல், எட்டுப் பத்து முறை இறக்குங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடாக இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதீர்கள். பேட் படிந்த இடம் டிஸ்க்கில் அச்சாகி, பின்னால் ஸ்டியரிங் நடுங்கும். டிராக்கிலும் இதே விதிதான்: நாலைந்து வேக லேப், ஒரு மெதுவான லேப், உள்ளே வந்து கியர் போட்டு நிறுத்துங்கள், ஹேண்ட்பிரேக் வேண்டாம்.

மீதிப் பணத்தில் ஆயில் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக் பழையதென்றால் அதையும். அதற்கும் மேல் மிஞ்சினால் அது என்ட்ரி ஃபீஸ்.

கேள்வி: போலோவுக்கு வெளி அலாய் வாங்குகிறேன். எதைப் பார்க்க வேண்டும்? (மதுரை)

போல்ட் வட்டம் 5×100, நடுத்துளை 57.1 மி.மீ. வெளி அலாய்களில் நடுத்துளை பெரிதாகவே வரும். இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் இல்லாமல் பொருத்தினால் 100 கி.மீ. வேகத்தில் நடுக்கம் வரும்.

பலரும் கோட்டை விடும் இடம் போல்ட். ஃபோக்ஸ்வேகன் ஒரிஜினல் போல்ட்டின் உட்காரும் முகம் உருண்டை. வெளி அலாய் பெரும்பாலும் கூம்பு முகம். உருண்டை போல்ட்டைக் கூம்புக் குழியில் முறுக்கினால் மெல்லிய ஒரு வளையத்தில் மட்டும்தான் தொடும். இறுகியது போலத் தெரியும், ஓட ஓடத் தளரும். அலாயோடு அதற்கான போல்ட்டையும் கேட்டு வாங்குங்கள். முறுக்கு 120 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். 50 கி.மீ. ஓடியதும் ஒரு முறை, டிராக்கில் ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் ஆறியதும் ஒரு முறை சரிபாருங்கள்.

185/60 ஆர்15-க்கு பதில் 195/55 ஆர்15 போட்டால் வெளிவிட்டம் 603 மி.மீ.யிலிருந்து 595.5 ஆகும். ஒன்றேகால் சதவீதம் வித்தியாசம், பயமில்லை.

கேள்வி: இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 போட்டால் என் கார் வேகமாகப் போகுமா? (சேலம்)

ஆக்டேன் என்பது சக்தி அல்ல, நாக்கிங்கைத் தாங்கும் திறன். இன்ஜின் ஏற்கெனவே நாக்கிங்குக்கு பயந்து டைமிங்கைப் பின்னிழுத்துக்கொண்டிருந்தால் மட்டும் பலன் தெரியும். காரின் சாக்கெட்டில் மாட்டி இசியுவைப் படிக்கும் ஓபிடி கருவியில், மூன்றாவது கியரில் 2,500-லிருந்து 6,000 வரை முழு மிதியில் ஒவ்வொரு சிலிண்டரின் டைமிங் பின்வாங்கலைப் பதிவு செய்யுங்கள். நாலைந்து டிகிரி தொடர்ந்து இருந்தால் ஒரு படி மேலான ஆக்டேனுக்கு மாறி, டேங்க் இரண்டு தரம் தீர்ந்த பிறகு மறுபடி அளங்கள். எண் மாறவில்லை என்றால் அதற்கு மேலான பெட்ரோலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஒரே சிலிண்டர் மட்டும் காட்டினால் பெட்ரோலை விட்டுவிட்டு அந்தப் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்.

ரீமேப் செய்தவர்களுக்கு: 97 ஆக்டேனுக்கு எழுதிய ஃபைலோடு, அதற்குக் குறைந்தது மட்டும் கிடைக்கும் ஊரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: டிராக்கில் இடித்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? ரீமேப் தெரிந்தால் வாரண்டி போகுமா? (ஈரோடு)

இன்ஷூரன்ஸ்: பாலிசியில் ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படியுங்கள். ஒழுங்கமைத்த பந்தயம், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி டிரையல் ஆகியவை வழக்கமான கார் பாலிசியில் விலக்கப்பட்டவை. ‘இது ரேஸ் இல்லை, டிராக் டேதான்’ என்று வாதாடலாம், ஜெயிப்போம் என்று நம்பிப் போக வேண்டாம். ராலிகளுக்கு ஐஎம்டி 31 என்ற கூடுதல் ஒப்பந்தம் உண்டு. உங்கள் நிகழ்ச்சிக்குப் பொருந்துமா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

வாரண்டி: ஃபோக்ஸ்வேகன் குழும இசியுவில் அந்நிய ஃபைல் ஏறியது தெரிந்தால், காரின் பதிவில் டிடி1 என்ற குறி விழும். அதைக் காட்டி வாரண்டியை மறுக்கலாம். பழைய ஃபைலைத் திரும்ப ஏற்றினாலும் அந்தக் குறி போகாது.

சட்டம்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளரின் மூல விவரத்திலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பிரிவு 182ஏ-யின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அதே காரில் ஆபீஸ் போகிறவர்கள் இதைப் படித்துக்கொள்ளலாம்.

கேள்வி: பைக் ஹெல்மெட் போதுமா? (வேலூர்)

அனுமதிப்பதா என்பது நடத்துபவர் விதி. வாங்குவதென்றே முடிவானால், ஹெல்மெட்டைச் சோதிக்கும் ஸ்னெல் அமைப்பின் எஸ்ஏ (கார் பந்தயத்துக்கான) முத்திரை பாருங்கள். எம் முத்திரை பைக்குக்கானது. அதில் தீ தாங்கும் சோதனை கிடையாது.