தண்டல் வட்டி 15 சதவீதம் அல்ல

மதுரையில் தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் உங்கள் அம்மா, 10,000 ரூபாய் தண்டலில் பிடித்தம் போக 8,500 வாங்கி, தினம் 100 வீதம் 100 நாள் கட்டுகிறார். “வட்டி 15 சதவீதம்தானே, தொடரலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த 15 சதவீதம் ஆண்டுக்கு அல்ல, 100 நாளுக்கு. அதிலும் முழுத்தொகை அவர் கையில் 100 நாளும் இருப்பதில்லை. மறுநாளே திருப்பத் தொடங்கிவிடுகிறார். கணக்குப் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 120 சதவீதம் வருகிறது. வங்கி நகைக்கடன் இதில் பத்தில் ஒரு பங்குகூட வராது.

ஆனாலும் தண்டல்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. விடியற்காலையில் சந்தைக்குப் போகுமுன் பணம் தருபவர் அவர்தான்; எந்த வங்கியும் அந்த நேரத்தில் திறப்பதில்லை. எனவே மாற்று கையில் வந்தபின் வெளியே வாருங்கள். ஒரு தண்டலை அடைக்க இன்னொரு தண்டல் மட்டும் வேண்டவே வேண்டாம்.

சாலையோர வியாபாரிகளுக்காக 2020இல் தொடங்கிய பிஎம் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் கடன் கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியமும், அடுத்த முறை கூடுதல் தொகையும் உண்டு. மாநகராட்சி தரும் வியாபாரி அடையாள அட்டை அல்லது பரிந்துரைக் கடிதம் தேவை. அம்மாவின் ஆதாரில் கைபேசி எண் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விண்ணப்பத்துக்கு அது கட்டாயம்.