பத்துத் தடவை கத்தினால்தான் திரும்புகிறான்

கேள்வி: என் மகனுக்கு 5 வயது, பாலர் பள்ளிக்குப் போகிறான். எனக்கு பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை. காலை 6.45-க்கெல்லாம் ஆயர் ஈத்தாமிலிருந்து கிளம்பியாக வேண்டும். "பல் தேய், சட்டை போடு, பையை எடு" என்று கத்திக்கொண்டே இருக்கிறேன், அவன் அசைவதில்லை. பாட்டி சொன்னாலும் அதே கதைதான். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் பேசும் வீடு, அதனால் குழம்புகிறானா?
– ஒரு வாசகி, பினாங்கு

பதில்: மொழிகளின் மேல் பழி போடாதீர்கள். பல மொழி கேட்டு வளர்வதால் பிள்ளை சொல் கேட்காமல் போவதில்லை. அவசர நேரத்தில் மட்டும் அவனுக்கு நன்றாகப் புரியும் மொழியில் சொல்லுங்கள், போதும்.

முதலில் காதைக் கவனியுங்கள். இந்த வயதில் சளி விட்ட பிறகும் நடுச்செவியில் நீர் தங்கிவிடுவது உண்டு. பெரும்பாலும் வலி இருக்காது, ஆனால் பேச்சு மங்கலாகக் கேட்கும். ஒரு வாரம் நன்றாகக் கேட்டு, அடுத்த வாரம் மந்தமாகிவிடுவதால் வேண்டுமென்றே செய்கிறான் என்று வீட்டில் நினைத்துக்கொள்வார்கள். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, அடிக்கடி "ஆ?" என்கிறான், டிவி சத்தத்தைக் கூட்டுகிறான் என்றால் தள்ளிப்போடாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, செவித்திறன் சோதனை வேண்டும் என்று கேளுங்கள்.

காது நன்றாக இருக்கிறதா, சரி. அப்படியானால் மாற்ற வேண்டியது நாம் சொல்லும் விதத்தை. விளையாட்டில் மூழ்கிய பிள்ளைக்கு அடுப்படியிலிருந்து வரும் குரல் எட்டாது. கிட்டே போய், தோளைத் தொட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அவன் முகம் உங்கள் பக்கம் திரும்பிய பிறகு ஒரே ஒரு வேலை சொல்லுங்கள்: "இப்போ பல் தேய்." சொல்லிவிட்டு மனதுக்குள் 10 வரை எண்ணுங்கள். வேலைக்கு நேரமாகும்போது இப்படிப் பேசாமல் நிற்பது கஷ்டம்தான். ஆனால் கேட்டதை மனதில் வாங்கி, கையிலிருப்பதை விட்டு எழ அவனுக்கு அந்த நேரம் வேண்டும். அப்படியும் நகரவில்லையா? அதே சொற்களில் இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்புறம் திட்டாமல் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள். பத்தாவது கத்தலுக்குத்தான் அம்மா எழுந்து வருவார் என்று தெரிந்த பிள்ளை முதல் ஒன்பதை ஏன் பொருட்படுத்தப் போகிறான்?

"பல் தேய்க்கிறியா?" என்று கேட்காதீர்கள், "மாட்டேன்" என்று சொல்ல அதுவே இடம் கொடுக்கிறது. "ஓடாதே" என்பதைவிட "மெதுவா நட" நல்லது, என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கிறது. செய்து முடித்ததும் "சொன்னவுடனே தேய்ச்சிட்டியே" என்று அந்தச் செயலைச் சொல்லியே பாராட்டுங்கள்.

மாலையில் பாட்டியிடம் இரண்டு வேலைகளை ஒப்படைக்கலாம். ஒன்று, தலையைத் தொடச் சொன்னால் காலைத் தொட வேண்டும் என்ற விளையாட்டு. கவனித்துக் கேட்கவும், சட்டென்று செய்யாமல் யோசிக்கவும் இது நல்ல பயிற்சி. இன்னொன்று, "இரண்டு வெங்காயம் எடுத்துட்டு வா, அப்புறம் கதவைச் சாத்து" என்பது போல இரண்டு படி வேலை. அது பழகிய பிறகு மூன்றாகக் கூட்டலாம்.

இதையெல்லாம் வேலை நாள் காலையில் தொடங்காதீர்கள். விடுமுறை நாளில் ஆரம்பியுங்கள். பையையும் சட்டையையும் முதல் நாள் இரவே அவனை வைத்து எடுத்து வைத்துவிட்டால், காலையில் சொல்ல வேண்டியதில் பாதி குறைந்துவிடும்.