கோர் டிரில்லிங் ராடு: கேட்டீர்கள், சொல்கிறேன்

கனிமத் தேடல் ரிக்குகளின் பக்கத்தில் நின்றே பாதி ஆயுள் போய்விட்டது. வயர்லைன் ராடு (பாறையைத் தண்டாக அறுத்தெடுக்க நாங்கள் இறக்கும் துளைக்குழாய்) பற்றி வந்த கேள்விகளில் ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி ஒரே நாளில் ஆயிரம் அடி இறக்கிவிடுகிறதே. நீங்கள் மட்டும் ஏன் ஆமை மாதிரி நகர்கிறீர்கள்?

அவர்களுக்குத் தண்ணீர் வேண்டும், எங்களுக்குக் கல் வேண்டும். போர்வெல் வண்டியின் சுத்தியல் பாறையைத் தூளாக்கும், அந்தத் தூளைக் காற்று ஊதி வெளியே தள்ளும். தூளைச் சோதித்தால் தாது இருக்கிறதா என்று தெரியும். அது எவ்வளவு தடிமனில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, வெடிப்பு எங்கே என்பதெல்லாம் தெரியாது. எங்கள் வைர பிட் நடுவில் ஓட்டை உள்ள ஒரு வளையம். அது சுற்றி அறுத்துக்கொண்டே இறங்க, நடுவில் முழுதாக நிற்கும் பாறைத் தண்டு குழாய்க்குள் ஏறும். அதுதான் கோர்.

கேள்வி: நான் நிலவியல் மாணவி. வயர்லைன் என்றால் ராடு கம்பியில் தொங்குமா?

இல்லைம்மா. ராடு துளைக்குள் இருந்த இடத்திலேயே இருக்கும், கம்பி அதற்குள் இறங்கும். பழைய முறையில் 3 மீட்டர் கோர் நிறைந்ததும் மொத்த ராடையும் வெளியே எடுக்க வேண்டும். 500 மீட்டர் ஆழத்தில் 3 மீட்டர் ராடு என்றால் சுமார் 167 ராடு. அத்தனையையும் கழற்றி, திரும்ப மாட்டி, அப்புறம்தான் அடுத்த 3 மீட்டர். வயர்லைனில், கம்பிக் கயிற்றின் நுனியில் ஓவர்ஷாட் என்ற கவ்வியை மாட்டி ராடுக்குள் இறக்குவோம். ராடுக்குள் கோரைத் தாங்கி நிற்கும் இன்னர் டியூபின் தலையை அது பிடிக்கும். இழுத்ததும் பூட்டு மடங்கி, கோர் நிறைந்த டியூப் மட்டும் மேலே வரும். லாங்இயர் நிறுவனம் 1958-ல் இதைக் கனிமத் தேடலுக்குக் கொண்டுவந்தது.

கேள்வி: என்க்யூ (NQ), எச்க்யூ (HQ) என்ற ராடு அளவுகள் ஏன் இப்படி வினோதமான எண்களில் இருக்கின்றன?

ஒன்றுக்குள் ஒன்று போகத்தான். எச்க்யூ ராடின் உள்விட்டம் 77.8 மி.மீ.; என்க்யூ துளை 75.7. அதனால் எச்க்யூவில் போய்க்கொண்டிருக்கும்போது மண் சரிந்தால், அந்த ராடையே கேசிங்காக (துளை சரியாமல் தாங்கும் வெளிக்குழாயாக) விட்டுவிட்டு உள்ளே என்க்யூவில் தொடரலாம். என்க்யூவின் உள்விட்டம் 60.3, அதற்கு அடுத்த சின்ன அளவின் துளை 60.0. வெறும் 0.3 மி.மீ. இடைவெளி! (அந்தச் சின்ன அளவும் எச்க்யூவுக்கு மேலே உள்ள பெரிய அளவும் தமிழில் எழுதினால் இரண்டும் 'பிக்யூ'தான். ஆர்டர் போடும்போது மில்லிமீட்டரையும் சேர்த்து எழுதுங்கள்.)

கேள்வி: நான் டிரில்லர். என்க்யூ ராடு இரண்டாவது முறையாக மரையிலேயே ஒடிந்துவிட்டது. சப்ளையர் "நீங்கள் அதிகமாக அழுத்தியிருப்பீர்கள்" என்கிறார்.

அழுத்தம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மரை சரியாக இறுகவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். சரியாக முடுக்கிய மூட்டில் இரண்டு ராடும் தோளோடு தோள் அழுந்தி ஒரே குழாய்போல நிற்கும். தளர்வாக இருந்தால், துளை லேசாக வளைந்த இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் அந்த மூட்டு வளைந்து நிமிரும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 8 மணி நேர ஷிப்டில் 3,84,000 தடவை. எந்த இரும்பும் களைத்துப்போகும். என்க்யூ சுவரின் தடிமனே 4.8 மி.மீ.தான், மரை வெட்டிய இடத்தில் அதிலும் பாதி போய்விடுகிறது.

ஒரு தளத்தில் எங்களுக்கும் 340 மீட்டரில் ஒடிந்தது. அவசரத்தில் மண் ஒட்டிய மரையை அப்படியே மாட்டியிருந்தார்கள், கிரீஸ் டப்பா மூடியைத் திறக்கவே இல்லை. உள்மரையைக் கடித்துப் பிடிக்கும் டேப் என்ற கருவியை இறக்கி மீட்க நான்கு நாள். மேலே வந்த உடைசலைக் கையில் எடுத்துப் பார்த்தேன்: முறிந்த வளையத்தில் முக்கால் பகுதி துருப்பிடித்து மழுங்கியிருந்தது, கால் பகுதிதான் புதிதாகப் பளபளத்தது. அப்படியென்றால் விரிசல் பல நாளாக வளர்ந்திருக்கிறது. உங்கள் துண்டையும் அப்படிப் பாருங்கள், சப்ளையரோடு பேச அதுவே போதும். இன்னொன்று: தேய்ந்த ராடைப் புது ராடோடு கலக்காதீர்கள். பழையது புதியதின் மரையையும் கெடுக்கும்.

கேள்வி: கழற்ற சாதாரண பைப் ரெஞ்ச் போதுமா?

போதாது. அதன் பல் மெல்லிய சுவரில் பள்ளம் போடும், அங்கேதான் விரிசல் தொடங்கும். சுற்றிப் பிடிக்கும் ராடு ரெஞ்சே வேண்டும்.

கேள்வி: கடினமான கிரானைட்டில் புது பிட் போட்டும் இறங்கவில்லை. இன்னும் கடினமான பிட் வாங்கலாமா?

வேண்டாம், நேர்மாறாகச் செய்யுங்கள். கடினமான பாறைக்கு வைரத்தைப் பிடித்திருக்கும் உலோகம் மென்மையானதாக இருக்க வேண்டும். அது தேய்ந்தால்தான் உள்ளே இருக்கும் புது வைரம் வெளியே தலை காட்டும். உங்கள் பிட்டின் முகம் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கிறதா? அப்படியென்றால் வைரம் மழுங்கி, உலோகம் தேயாமல் நிற்கிறது. மணற்கல் மாதிரி அராவும் பாறைக்குத்தான் கடினமான உலோகம்.

கேள்வி: ஓடிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. பம்பு கோளாறா?

பெரும்பாலும் கோர் இறுகிவிட்டது. டியூபில் கோர் நகராமல் நின்றால் தலையில் உள்ள ரப்பர் வாஷர்கள் நசுங்கித் தண்ணீர் வழியை அடைக்கும். டிரில்லருக்குச் சைகை காட்டவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இன்னும் அரை மீட்டர் போகலாம் என்று ஓட்டினால் அந்த அரை மீட்டர் கோரைப் பிட் அரைத்துவிடும். நிறுத்தி டியூபை மேலே எடுங்கள்.

கேள்வி: தண்ணீரே நிற்காத வறண்ட துளையில் இன்னர் டியூபை அப்படியே மேலிருந்து விடலாமா?

கூடாது. தண்ணீர் இருந்தால் அதுவே வேகத்தைத் தடுக்கும். இல்லாவிட்டால் டியூப் கல்லாய் விழுந்து அடியில் உள்ள தாங்கு வளையத்தை மோதி உடைக்கும். கம்பியிலேயே மாட்டி மெதுவாக இறக்குங்கள்.

கேள்வி: இவ்வளவு செலவு செய்து கோர் எடுப்பதில் எதிர்பாராதது ஏதாவது கிடைத்ததுண்டா?

மகாராஷ்டிராவின் கொய்னாவைச் சொல்லலாம். 1967 டிசம்பரில் பெரிய நிலநடுக்கம் வந்த இடம். பின்னாளில் ஆய்வுக்காக அங்கே சுமார் 1500 மீட்டர் ஆழத்துக்குக் கோர் துளைகள் போட்டார்கள். முதல் துளையில் 932 மீட்டர் வரை எரிமலைக் குழம்புப் பாறையாகவே வந்து, அதற்கு அடியில் நேராகக் கிரானைட் வந்தது. இரண்டுக்கும் நடுவில் வண்டல் பாறை அடுக்கு எதுவும் இல்லை.