ரோம் நாட்டுக் கருவூலத்தில் கணக்கு எழுதியது யார்? (கேள்வி பதில்)

பண்டைய ரோமின் வரி, கருவூலம், நிதி அதிகாரிகள் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில். சண்டைக் கதைகளை வேறு யாரிடமாவது கேளுங்கள், எனக்குக் கணக்குப் புத்தகம்தான் பிடிக்கும்.

கே: குவெஸ்டர் என்பவர் நிதியமைச்சர் மாதிரியா சார்?

ப: இல்லவே இல்லை. குடியரசுக் கால ரோமில் நிதியமைச்சரே கிடையாது. எதற்கு எவ்வளவு என்று செனட் சபை சொல்லும், அதன்படி பணத்தை எடுத்துக்கொடுத்துக் கணக்கு வைப்பவர் குவெஸ்டர். அரசியலில் ஏறத் துடிக்கும் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் படி, அதுவும் ஒரே வருடப் பதவி. கி.மு. 81இல் சர்வாதிகாரியாக இருந்த சுல்லா இவர்களின் எண்ணிக்கையை 20 ஆக்கினார். இரண்டு பேர் ரோமிலேயே, சாட்டர்ன் கோயிலில் இருந்த கருவூலத்தைப் பார்த்துக்கொள்வார்கள், மற்றவர்களில் பலர் ஆளுநரோடு மாகாணத்துக்குப் போவார்கள். பேச்சாளராகப் பேர்பெற்ற சிசரோ கி.மு. 75இல் சிசிலிக்குப் போனது இப்படித்தான்.

கே: வேலை பழகுவதற்குள் வருடம் ஓடிவிடுமே அண்ணா, அப்புறம் கணக்கை யார் பார்த்தது?

ப: எழுத்தர்கள்! குவெஸ்டர்கள் வருவார்கள் போவார்கள், எழுத்தர் நாற்காலி மட்டும் அசையாது. அதை விலை கொடுத்தே வாங்கலாம், கவிஞர் ஹொராஸ்கூட அப்படி வாங்கியவர்தான். சட்டமும் தெரியாமல் ஏடும் தெரியாமல் வந்து நிற்கும் இளைஞர் எழுத்தர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவார். இளைய கேட்டோ என்ற அரசியல்வாதி மட்டும் விதிவிலக்கு. கி.மு. 64 வாக்கில் பதவியேற்கும் முன்பே சட்டங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்தவர், தில்லுமுல்லு செய்த எழுத்தர்களை ஒரு வழி பண்ணினார். சுல்லா தன் எதிரிகளின் தலைக்கு விலை வைத்த காலத்தில், ஆளுக்கு 12,000 டெனாரியஸ் (வெள்ளிக்காசு) வாங்கிக்கொண்டு ஆட்களைக் கொன்றவர்களைக் கூப்பிட்டு, அந்தப் பணத்தையும் திரும்பக் கட்ட வைத்தார். பதவி முடிந்த பிறகும் மனிதர் விடவில்லை, தன் அடிமைகளைத் தினமும் கருவூலத்துக்கு அனுப்பி வரவு செலவை நகலெடுக்க வைத்தார்.

கே: கணக்கில் கை வைத்து மாட்டியவர் யாராவது?

ப: வெர்ரஸ். கி.மு. 84இல் கார்போ என்ற கான்சலிடம் (ரோமின் உச்சப் பதவி) குவெஸ்டராக இருந்தவர், பணத்தோடு கார்போவின் எதிரி சுல்லா பக்கம் தாவிவிட்டார். பிற்பாடு சிசரோ இவர்மேல் தொடுத்த வழக்கில் அந்தக் கணக்கை அப்படியே எடுத்து வைக்கிறார்: வரவு 22,35,417 செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்), சம்பளம் தானியம் இத்யாதிக்குச் செலவு 16,35,417, இத்தாலியின் அரிமினம் ஊரில் விட்டுவந்தது 6,00,000. இவ்வளவுதான் கணக்கே! கூட்டல் கழித்தல் சரியாகவே வரும், ஆனால் அரிமினம் அந்தச் சமயத்தில்தான் சூறையாடப்பட்டது, போய்ப் பார்க்கவா முடியும்?

கே: வரியை அதிகாரிகளே வசூலித்தார்களா?

ப: ஆசியா மாகாணத்தில் (இன்றைய மேற்குத் துருக்கி) கி.மு. 123 முதல் ஏலம்தான். கையஸ் கிராக்கஸ் என்ற அரசியல்வாதி கொண்டுவந்த ஏற்பாடு. ரோமில் சென்சர் என்ற உயர் அதிகாரி ஏலம் விடுவார், பப்ளிகானி என்ற குத்தகைக்காரர்கள் ஐந்து வருடத்துக்கு எடுப்பார்கள், கட்டவேண்டிய தொகைக்கு மேல் கறந்ததெல்லாம் அவர்களுக்கு. தட்டிக்கேட்டால்? ஆசியாவில் பணியாற்றிய ருட்டிலியஸ் ரூஃபஸ் என்ற அதிகாரி கேட்டார். மாகாணத்து மக்களைச் சுரண்டியதாக அவர் மேலேயே வழக்குப் போட்டார்கள், ஜூரியில் உட்கார்ந்திருந்ததும் குத்தகைக்காரர்களின் வர்க்கம்தான், கி.மு. 92 வாக்கில் தண்டனையும் ஆனது. அவர் நாடு கடந்து குடியேறியது எங்கே தெரியுமா, எந்த மக்களைச் சுரண்டினார் என்றார்களோ அவர்கள் நடுவிலேயே, ஆசியா மாகாணத்து ஸ்மிர்னா நகரில்.

கே: பேரரசர்கள் வந்த பிறகு மாறியதா?

ப: நிறையவே. மாகாணப் பணத்துக்கு புரோகுரேட்டர் என்று சம்பளக்கார அதிகாரிகள் வந்தார்கள். கி.பி. 6இல் முதல் பேரரசர் அகஸ்டஸ் படைவீரர்களின் ஓய்வுக்காலப் பணத்துக்குத் தனிக் கருவூலமே திறந்து, 5% வாரிசுச் சொத்து வரியை அதற்கு ஒதுக்கினார். ஆனால் பணத்தைக் கையில் தொட்டவர்கள் அரசரின் அடிமைகள். அடுத்த பேரரசர் டைபீரியஸ் காலத்து மூசிகஸ் ஸ்குர்ரானஸ் லியோன் (இன்றைய பிரான்ஸ்) கருவூலத்தில் பணம் பட்டுவாடா செய்த அடிமை, ரோமுக்கு வந்த இடத்தில் இறந்துபோனார். அவருக்குக் கல்வெட்டு வைத்தவர்கள் அவருக்குக் கீழிருந்த 16 அடிமைகள்: மருத்துவர் ஒருவர், சமையல்காரர் இருவர், வெள்ளிப் பாத்திரத்துக்கு இருவர், துணிமணிக்கு ஒருவர் என்று நீளும் பட்டியல். செகுண்டா என்ற பெண்ணுக்கு மட்டும் என்ன வேலை என்று எழுதவில்லை.

கே: நம் முசிறியிலிருந்து போன சரக்குக்கும் வரி உண்டா?

ப: உண்டு, 25%. ஹெர்மபொல்லோன் என்ற கப்பலின் சரக்கு பற்றிய பாப்பிரஸ் ஆவணம் வியன்னாவில் இருக்கிறது. செங்கடல் கரையில் இறக்கி, ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டி, நைல் வழியாக அலெக்சாண்ட்ரியா போய், முத்திரையிட்டு அரசுக் கிடங்கில் வைக்கவேண்டும் என்று அதில் வருகிறது. அங்கே நாலில் ஒரு பங்கு அரசுக்குப் போனபிறகுதான் வணிகருக்கு மிச்சம்.