அலெக்சாண்டர் இறந்த பிறகும் அவர் பெயரில் தங்கக் காசு வந்தது ஏன்?

கி.மு. 323-இல் இறந்தவர் பெயரில் அதற்கப்புறமும் ஏன் காசு அடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் காரணம் நம்பிக்கை. கூலிப்படை வீரனுக்குச் சம்பளம் கொடுக்க, அவன் கண்ணை மூடிக்கொண்டு வாங்கும் காசு வேண்டும். அலெக்சாண்டரின் ஸ்டேட்டர் என்ற தங்கக் காசு அப்படிப்பட்டது: சுமார் 8.6 கிராம், கிட்டத்தட்ட சொக்கத் தங்கம். ஒரு பக்கம் தலைக்கவசத்தோடு கிரேக்கப் பெண் தெய்வம் அதீனா. மறுபக்கம் சிறகுள்ள வெற்றித் தெய்வம் நைக்கி, பக்கத்திலேயே 'அலெக்சாண்டருடையது' என்ற கிரேக்க எழுத்து. பழகிய முத்திரையை எதற்கு மாற்ற வேண்டும்?

அப்புறம் அரசியல். அவர் பேரரசைப் பங்கு பிரித்துக்கொண்ட தளபதிகள் அவருடைய ரத்த வாரிசுகள் இல்லை. அவர் பெயர்தான் அவர்களுக்குப் பிடிமானம். அவர்களில் ஒருவர், கிரேக்கத்துக்கு வடகிழக்கே இருந்த திரேசை ஆண்ட லிசிமாக்கஸ், பின்னால் தன் பெயரைப் பொறித்தார், ஆனால் முகம் அலெக்சாண்டருடையதுதான். அந்தக் காசைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: காதைச் சுற்றி ஒரு கடாக்கொம்பு வளைந்திருக்கும். அலெக்சாண்டர் கடாக்கொம்புள்ள எகிப்தியத் தெய்வமான அம்மோனின் மகன் என்பதற்கு அது அடையாளம். ஹெலனியக் காசுகளில், அதாவது அலெக்சாண்டருக்குப் பிந்தைய கிரேக்க அரசுகளின் காசுகளில், இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை.

எகிப்தை ஆண்ட தாலமி வேறு வழியில் போனார். காசின் எடையைக் குறைத்தார். தங்கத்தில் தன் முகத்தையே பொறித்தார்.