சாம்பார் கறை ஏன் சிவந்தது? கார்ப்பெட்டை இனி என்ன செய்யலாம்?

கேள்வி: மகன் பிறந்தநாளுக்கு வந்தவர்கள் கிளம்பிய பிறகு பார்த்தால், ஹால் கார்ப்பெட்டில் சாம்பார் கொட்டியிருந்தது. பக்கத்திலேயே ஃபில்டர் காபி. துணி துவைக்கும் பவுடரைப் போட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். மஞ்சள் கறை போகவில்லை, சிவப்பாக மாறிவிட்டது. காபிக் கறை போனது போல இருந்தது, காய்ந்ததும் திரும்ப வந்துவிட்டது. சமையல் சோடாவும் வினிகரும் கலந்து தேய்க்கச் சொல்கிறார்கள். செய்யலாமா? (வேளச்சேரி வாசகி)

பதில்: சோடாவை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள். உங்கள் கறை சிவந்ததற்குக் காரணமே காரத்தன்மைதான் (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரான குணம்). மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின், காரத்தன்மை உள்ள பொருள் பட்டால் செம்பழுப்பாகிவிடும். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்ததும் சிவக்கிறதே, அதேதான் உங்கள் கார்ப்பெட்டிலும் நடந்திருக்கிறது. துணி சோப்புத்தூள் காரத்தன்மை கொண்டது. சமையல் சோடாவும் அப்படித்தான். அதை வினிகரோடு கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும். நுரை பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தச் சிவப்பைத் திருப்பிவிடலாம். ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். சிவப்பு மறைந்து பழைய மஞ்சள் தெரியும். கறை போய்விடவில்லை, தொடங்கிய இடத்துக்குத் திரும்பியிருக்கிறீர்கள்.

அடுத்த படிக்கு முன், கார்ப்பெட் எதனால் ஆனது என்று தெரிய வேண்டும். பின்பக்க லேபிள் கிழிந்திருந்தால், ஓரத்திலிருந்து ஒரே ஒரு நூலைப் பிடுங்கி, வாஷ்பேசின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாசனை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி அல்லது பட்டு. உருகிக் கெட்டியான மணி போல ஆனால் செயற்கை இழை. காகிதம் போல எரிந்தால் பருத்தி. அப்புறம், ஈரமான வெள்ளைத் துணியை யார் கண்ணிலும் படாத மூலையில் கொஞ்ச நேரம் அழுத்தி வையுங்கள். துணியில் சாயம் ஏறினால் வீட்டு வைத்தியத்தை அங்கேயே நிறுத்திவிடலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு திரவத்தையும் இதே மூலையில் சோதித்த பிறகே கறைக்குக் கொண்டுபோங்கள்.

சாம்பார் கறையில் மஞ்சள் மட்டும் இல்லை, தாளித்த எண்ணெயும் இருக்கிறது. குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால் எண்ணெயை முதலில் எடுக்காமல் மஞ்சளோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை. பாத்திரம் துலக்கும் திரவம் கால் டீஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கப். இவ்வளவுதான் வேண்டும். நுரை அதிகமானால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அலசாமல் தங்கும் சோப்பு பிசுபிசுத்து, தூசியை இழுத்துப் பிடித்து, அந்த இடம் மட்டும் சீக்கிரம் கறுத்துப்போகும். பாத்திரம் துலக்கும் பாரையும் தொடாதீர்கள், அதில் காரத்தன்மை அதிகம். கறையின் வெளி ஓரத்திலிருந்து உள்ளே வருமாறு ஒற்றி, பிறகு வெறும் தண்ணீரால் ஒற்றி எடுங்கள். பிரஷ் வேண்டவே வேண்டாம். இழை பிரிந்து பஞ்சாகிவிட்டால், கறை போனாலும் அந்த இடம் தனியாகத் தெரியும்.

மீதி மஞ்சளுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் உதவும். கார்ப்பெட்டில் ஊற்றக்கூடாது. அடியில் உள்ள பசை விட்டுவிடும். துணியில் நனைத்து ஒற்றுங்கள், துணியில் மஞ்சள் ஏற ஏறப் பக்கத்தை மாற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் விளக்கோ ஊதுவத்தியோ எரியக்கூடாது.

அதற்கும் மசியாத மஞ்சளை வெயிலிடம் விட்டுவிடுவது என் வழக்கம். குர்குமின் வெளிச்சத்தில் சிதைந்துவிடும். வேட்டியில் பட்ட மஞ்சள் கொடியிலேயே வெளிறுவதைப் பார்த்திருப்பீர்கள். கறை உள்ள இடத்தை மட்டும் விட்டு மற்றதைத் துணியால் மூடி, சில நாட்கள் வெயில் காட்டுங்கள். மூடாவிட்டால் கார்ப்பெட்டின் சொந்த நிறமும் சேர்ந்து வெளிறும்.

இப்போது காபி. அது திரும்பி வந்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. நீங்கள் மேலே துடைத்தீர்கள், பாதிக் காபி அடிவரை இறங்கியிருந்தது. காயும்போது ஈரம் இழை வழியாக மேலேறும், கறையையும் தூக்கிக்கொண்டு வரும். பால் சேர்த்த காபி என்பதால் சுடுதண்ணீர் கூடாது, பாலின் புரதம் திரிந்து இழையில் ஒட்டிக்கொள்ளும். பச்சைத் தண்ணீர், பிறகு அதே பாத்திரத் திரவக் கரைசல், பிறகு வினிகர் தண்ணீர், கடைசியில் மறுபடி வெறும் தண்ணீர் என்ற வரிசையில் ஒற்றுங்கள். முடித்ததும் வெள்ளைத் துண்டை நாலாக மடித்து மேலே வைத்து, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட், அதற்கும் மேல் தடித்த புத்தகங்கள். இரவு முழுக்க அப்படியே இருக்கட்டும். மேலேறும் கறையைத் துண்டு குடித்துக்கொள்ளும். செய்தித்தாளை வைத்துவிடாதீர்கள், மை ஏறிவிடும்.

வெளிர் நிறச் செயற்கை இழையாக இருந்து காபியின் பழுப்பு இன்னும் மிச்சமிருந்தால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடை லேசாகத் தடவி, அரை மணி நேரம் விட்டு, தண்ணீரால் ஒற்றி எடுக்கலாம். மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம், அதாவது 20 வால்யூம்தான் தருவார்கள். அதில் சம அளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். கையுறை போடுங்கள், வினிகரோடு ஒரே பாட்டிலில் கலக்காதீர்கள். அடர் நிறக் கார்ப்பெட்டில் இது வெள்ளைத் திட்டு போட்டுவிடும். கம்பளியிலும் பட்டிலும் வீட்டில் முயல வேண்டாம். குளோரின் பிளீச் பக்கமே போகக்கூடாது. அது கம்பளியையும் பட்டையும் கரைத்துவிடும், வினிகரோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

பிறந்தநாள் வீடு என்பதால் கேசரியும் சிந்தியிருக்கலாம். நெய்க்கு கார்ன்ஃப்ளார் தூவி, ஊறவிட்டு, வாக்குவம் போட்டால் போதும். அதில் போட்ட கலர் பவுடர்தான் தொல்லை. கம்பளிக்கும் நைலானுக்கும் சாயம் ஏற்றும் அமிலச் சாய வகையைச் சேர்ந்தது அது. அமிலமும் சூடும் அதை இழையில் பிடிக்க வைக்கும். ஆகவே மஞ்சளுக்குக் கைகொடுத்த வினிகர் இங்கே எதிரி. பச்சைத் தண்ணீரும் பாத்திரத் திரவமும் மட்டும் போதும்.

கார்ப்பெட்டைத் தூக்க முடிந்தால் இரண்டு பக்கமும் காற்றுப் படும்படி நாற்காலிகள் மேல் போட்டு உலர்த்துங்கள். சென்னைப் புழுக்கத்தில் தரையோடு தரையாகக் கிடந்தால் வாடை வந்துவிடும். அடியில் சணல் இருந்தால் நீண்ட ஈரத்தில் புதிதாகப் பழுப்புக் கறை வேறு ஏறும்.

உங்களுடையது பட்டோ, கையால் முடிந்த காஷ்மீர் கம்பளமோ என்றால் வினிகர் தண்ணீரோடு நிறுத்திக்கொண்டு கார்ப்பெட் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். சோப்புத்தூள் போட்டுத் தேய்த்ததை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவர் எதை எடுப்பது என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும்.