ஊசிக்காக நிலத்தை விற்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பகலில் ஓரளவு நடமாடுகிறாள். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். கருவிழி நிலைகொள்ளாமல் ஆடுகிறது. பிறவியிலேயே மரபணுக் குறை என்றார்கள். நான் தாய்மாமனைக் கட்டியவள். மாசமாக இருந்தபோது கிரகணத்தில் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் ஆயா, அவர்தான் என் மாமியாரும். அமெரிக்காவில் ஒரே ஊசியில் பார்வை வருமாம், நிலத்தை விற்கலாம் என்கிறார் கணவர். விற்கலாமா?
- ஒரு தாய், குடியாத்தம்

பதில்: இப்போது விற்க வேண்டாம், அம்மா. முதலில் மரபணுப் பரிசோதனை. குழந்தையோடு நீங்கள் இருவரும் ரத்தம் கொடுங்கள். வேலூர் ஷெல் கண் மருத்துவமனையில் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

அந்த மருந்தின் பெயர் லக்ஸ்டர்னா. 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த விலை 8,50,000 டாலர், ஏழு கோடி ரூபாய்க்கு மேல். பணம் இருந்தாலும் எல்லாருக்கும் பலிக்காது. ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணு பழுதானவர்களுக்கு மட்டும்தான் அது. இப்படிப் பிறவியில் வரும் பார்வைக் குறைக்குக் காரணமான மரபணுக்கள் இருபதுக்கும் மேல் உண்டு. வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் உருமாறும் வைட்டமின் ஏ-யைப் பழையபடி மாற்றித் தரும் நொதி ஆர்.பி.இ.65-ஆல்தான் உண்டாகிறது. அது இல்லாவிட்டால் மங்கிய வெளிச்சத்தில் முதலில் தடுமாற்றம் வரும். உங்கள் மகளின் தடுமாற்றமும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் வேறு மரபணுக்களாலும் இது வரும், பரிசோதனைதான் சொல்ல வேண்டும். முருங்கைக்கீரை நல்லதுதான், ஆனால் இந்தக் குறையை அது தீர்க்காது.

ஊசி என்றாலும் இது ஆபரேஷன்தான். தீங்கு செய்யாத வைரஸில் நல்ல மரபணுவை ஏற்றி, விழித்திரைக்கு அடியில் செலுத்துவார்கள். ஒரு கண்ணுக்கு ஒரே முறை. சிகிச்சை பெற்றவர்களில் பலர் முன்பைவிடக் குறைந்த வெளிச்சத்திலேயே தடைகளைத் தாண்டி நடந்தார்கள். முழுப் பார்வை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விழித்திரைச் செல்கள் உயிரோடு இருக்கும்வரைதான் பலன், அதனால் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆயாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த வகைக் குறை பெரும்பாலும் அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்து வருவது. சொந்தத்தில் கட்டும்போது ஒரே பழுது இருவரிடமும் இருக்க வாய்ப்பு அதிகம். அப்படியானால் அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. பழி உங்கள் ஒருத்தி மேல் விழுவது அநியாயம்.

நம்ம வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களே ஹீமோபிலியாவுக்கு மரபணு சிகிச்சை செய்து 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். அது ரத்த நோய், கண் நோய் அல்ல. ஆனாலும் இந்த வித்தை நம் ஊருக்கு வந்துவிட்டது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

அப்புறம், அவளை வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். பால்வாடிக்கு அனுப்புங்கள், ஜன்னலோரம் உட்காரவைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் அதில் உள்ள மரபணுப் பெயரை அப்படியே எனக்கு எழுதுங்கள்.